பத்தீர்: எல்லைக்கோட்டைத் தாண்டி உழுத ஊர்

1949 ஏப்ரல் 3 ஆம் நாள் ரோட்ஸ் தீவில் இஸ்ரேலும் ஜோர்டானும் கையெழுத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கை, பின்னாளில் பச்சைக்கோடு என்று பெயர் பெற்ற எல்லையை வரைந்தது. வரைபடத்தில் இழுக்கப்பட்ட அந்தக் கோடு, வழியில் குறுக்கிட்ட ஊர்களையும் அவற்றின் நிலங்களையும் கூறு போட்டபடியே சென்றது. வீடு ஒரு பக்கம், தோட்டம் மறுபக்கம் என்று ஆகிப்போன கிராமங்களில் ஏறத்தாழ எல்லாமே அப்பால் கிடந்த நிலத்தை இழந்தன. பெத்லகேமுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பத்தீர் என்ற சிற்றூர் மட்டும் இழக்கவில்லை. அதன் நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இஸ்ரேல் பக்கம் போய்விட்ட பிறகும், அவ்வூர் மக்கள் கோட்டைக் கடந்து சென்று உழுதார்கள், விதைத்தார்கள், அறுவடை செய்து வீடு திரும்பினார்கள். வேலியோ சுவரோ இல்லாமல், ரயில் தண்டவாளம் ஒன்று மட்டும் இடையே கிடக்க, இந்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நிலைத்தது.

இந்த ஏற்பாடு எப்படி உருவானது, எதன் பலத்தில் நிலைத்தது, இன்று அந்தப் பலம் எங்கே அறுபடுகிறது என்பவையே இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் கேள்விகள். பத்தீரைக் காத்தது உடன்படிக்கைத் தாள் மட்டுமன்று. இடைவிடாமல் நடந்த வேளாண்மையும் அதற்கு ஆதாரமான நீர்ப் பங்கீடும் சேர்ந்தே அதைக் காத்தன என்பது என் முடிவு. அதை விளக்க, மலையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் தொடங்க வேண்டும்.

மலையும் மண்ணும்

ஜெருசலேமுக்குத் தென்மேற்கே, மத்திய தரைக்கடலை நோக்கி மேற்காகச் சரியும் சுண்ணாம்புக்கல் மலைகளின் ஒரு சரிவில் பத்தீர் அமைந்திருக்கிறது. ஊருக்குக் கீழே ரெஃபாயிம் பள்ளத்தாக்கு ஓடுகிறது. அது மேற்கே சோரெக் பள்ளத்தாக்கில் சென்று சேர்கிறது. கிழக்கே பைத் ஜாலா நகரை நோக்கி வாதி அல்-மக்ரூர் என்ற பள்ளத்தாக்கு ஏறிச் செல்கிறது. தெற்கே ஹூசான் கிராமம், வடகிழக்கே அல்-வலஜா. மழை குளிர்காலத்தில் மட்டுமே பெய்யும். கோடை முழுவதும் ஒரு துளியும் விழாது. ஆகவே இந்த மலைகளில் ஊர் எங்கே அமையும் என்பதை ஊற்றுகளே தீர்மானித்தன.

சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகள் அதிகம். மழைநீர் அவற்றின் வழியே இறங்கி, களிமண் கலந்த கெட்டியான ஓர் அடுக்கைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, மலைச்சரிவு அந்த அடுக்கை வெட்டும் இடத்தில் ஊற்றாக வெளிவருகிறது. பத்தீரில் அப்படிப் பல ஊற்றுகள் உண்டு. அவற்றில் முதன்மையானது ஊர் நடுவே உள்ள ஐன் அல்-பலத்.

மண்தான் இங்கே அரிது. பாறைமேல் மெல்லிய போர்வையாகக் கிடக்கும் செம்மண்ணை ஒரு பெருமழை அடித்துக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்க, சாந்து எதுவும் பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தி அடுக்கிய சுவர்களைச் சரிவின் குறுக்கே எழுப்பி, அவற்றின் பின்னே மண்ணை நிரப்பி, மலை முழுவதையும் அடுக்கு வயல்களாக மாற்றியிருக்கிறார்கள். சாந்து இல்லாததால் மழைநீர் கல் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறுகிறது. சுவரின் பின்னால் நீர் தேங்கி அதைத் தள்ளிச் சாய்ப்பதில்லை. ஆனால் இத்தகைய சுவர் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பின்னும் பார்வையிடப்பட வேண்டும். சரிந்த கல்லை உடனே எடுத்து வைக்காவிட்டால், அடுத்த மழையில் அந்த இடைவெளி வாயாகிவிடும்; மண் கீழ் அடுக்குக்கு இறங்கிவிடும்; மேல் வயலுக்காரர் செய்யாத வேலையின் பலனைக் கீழ் வயலுக்காரர் அனுபவிக்க நேரிடும். ஒருவர் நிலத்தை விட்டுச் சென்றால் அண்டை நிலமும் கெடும் என்ற இந்த இயற்கை அமைப்பு, பத்தீரின் சமூக வாழ்வையே வடிவமைத்திருக்கிறது.

மேல்சரிவுகளில் ஒலிவமும் திராட்சையும் அத்தியும் பாதாமும் மழையை மட்டுமே நம்பி விளைகின்றன. நிலத்துக்கு நடுவே, காவலுக்கும் அறுவடைக்காலத்தில் தங்குவதற்கும் கல்லால் கட்டிய சிறிய காவற்கோபுரங்கள் நிற்கின்றன. கோடையில் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்து பழங்களை உலர்த்தி எடுப்பது வழக்கமாக இருந்தது. ஊற்றுக்குக் கீழே உள்ள அடுக்குகளில் பாசனக் காய்கறி. பத்தீர் கத்தரிக்காய்க்கு பெத்லகேம், ஜெருசலேம் சந்தைகளில் தனி மதிப்பு. ஊர்ப்பெயரைச் சொல்லியே அதை விற்பார்கள், ஊர்ப்பெயரைக் கேட்டே வாங்குவார்கள்.

எட்டு நாள் முறை

ஐன் அல்-பலத் ஊற்று பாறையைக் குடைந்த வழியாக வெளிவந்து, ரோமானியர் காலத்துக் குளம் ஒன்றில் சேர்கிறது. அங்கிருந்து திறந்த கால்வாய்கள் சுவர்களின் ஓரமாகவே ஓடி, கீழ் அடுக்குகளுக்கு நீரைக் கொண்டு செல்கின்றன. பம்பு கிடையாது, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே இறங்குகிறது. கால்வாயில் எந்த மடையை அடைப்பது, எதைத் திறப்பது என்பதில்தான் உழவரின் கைவேலை இருக்கிறது.

நீர் ஊரின் எட்டுப் பெருங்குடும்பங்களுக்கு முறை வைத்துப் பங்கிடப்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள்; எட்டாம் நாள் முடிந்ததும் முறை மீண்டும் முதல் குடும்பத்துக்குத் திரும்பும். அதனால்தான் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்று ஊரார் சொல்கிறார்கள். இந்த எண்ணில் ஒரு நுட்பமான நீதி இருப்பதாக நான் கருதுகிறேன். முறை ஏழு நாளாக இருந்திருந்தால், ஒரு குடும்பத்துக்கு எப்போதுமே வெள்ளிக்கிழமை தொழுகை நாளும், இன்னொன்றுக்கு எப்போதுமே சந்தை நாளும் வாய்த்திருக்கும். எட்டு நாள் முறையில் கிழமை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று தள்ளிப்போகிறது. வசதியும் சிரமமும் எல்லாக் குடும்பங்களுக்கும் சமமாகச் சுற்றி வருகின்றன.

குளத்தில் உள்ள நீரின் உயரத்தை அடையாளமிட்ட ஒரு கோலை இறக்கி அளக்கிறார்கள். அன்றைய குடும்பத்துக்குள் யாருக்கு எவ்வளவு நிலம், எவ்வளவு பங்கு என்பதற்கு ஏற்ப அந்த உயரம் பிரிக்கப்படுகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் கோலில் நீர் உயர்ந்து நிற்கும், வறண்ட ஆண்டில் தாழ்ந்து நிற்கும். பங்கு விகிதம் மாறாது, அளவு மட்டும் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். பற்றாக்குறையைச் சுமப்பது யார் என்ற சண்டைக்கு இடமே இல்லை.

இத்தகைய முறை எழுதிவைத்த சட்டத்தால் நடப்பதன்று. எட்டுக் குடும்பங்களும் ஊரில் இருக்க வேண்டும். தத்தம் முறைநாளில் வயலுக்கு வர வேண்டும். மற்றவர் வந்தாரா என்று பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் நிலத்தைக் கைவிட்டால் அதன் நாள் வெறுமையாகும், அதன் கால்வாய் தூர்ந்துபோகும். பத்தீரின் வரலாற்றில் பின்னால் வரும் அத்தனை திருப்பங்களுக்கும் இது அடிப்படை என்பதால் இங்கே சற்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கோட்டையும் தண்டவாளமும்

ஊருக்கு மேலே உள்ள குன்றில் கிர்பத் அல்-யஹூத் என்று அழைக்கப்படும் இடிபாடு இருக்கிறது. ரோமப் பேரரசர் ஹேட்ரியனுக்கு எதிராக 132 முதல் 135 வரை நடந்த யூதக் கிளர்ச்சியின் தலைவர் பார் கோக்பா கடைசியாகத் தங்கிப் போரிட்ட பேத்தார் கோட்டை இதுதான் என்று ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 135 இல் கோட்டை வீழ்ந்தது. முற்றுகையிட்ட ரோமப் படையின் சுவர்த் தடங்கள் சுற்றுவட்டாரத்தில் காணப்படுகின்றன. ஐந்தாம் மாசிடோனிகா, பதினோராம் கிளாடியா ஆகிய படைப்பிரிவுகளின் பெயர்களைச் சொல்லும் இலத்தீன் கல்வெட்டு ஊற்றின் அருகே கிடைத்திருக்கிறது. யூத மரபில் இந்த வீழ்ச்சி ஆண்டுதோறும் துக்கம் அனுசரிக்கப்படும் நிகழ்வுகளில் ஒன்று. ஆகவே இவ்வூரின் மண்ணில் இரண்டு மக்களின் நினைவு அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கிறது. அதை மறைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. பழைய நினைவு ஒன்று இருப்பதால் இன்று அங்கே உழுபவரின் உரிமை குறைந்துவிடுவதுமில்லை.

1596 ஆம் ஆண்டின் ஒட்டோமான் வரிப்பதிவேடு இவ்வூரை ஜெருசலேம் வட்டாரத்தில் ஒரு சிறு முஸ்லிம் கிராமமாகக் குறித்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சியில் 1922 இல் எடுத்த கணக்கெடுப்பில் 542 பேர். 1931 இல் 758 பேர். 1945 இல் 1,050 பேர். அப்போது ஊரின் மொத்த நிலம் 8,000 டூனத்துக்குச் சற்று மேல். ஒரு டூனம் என்பது ஆயிரம் சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவு.

ஊரின் பொருளாதாரத்தை மாற்றியது ரயில். யாஃபா துறைமுகத்தையும் ஜெருசலேமையும் இணைத்த பாதை 1892 செப்டம்பரில் திறக்கப்பட்டது. மலையேற்றத்தைச் சமாளிக்க அது பள்ளத்தாக்குகளின் வளைவுகளைப் பின்பற்றியே போடப்பட்டது. அதனால் பத்தீரின் காலடியில், பாசன நிலங்களின் ஊடாகவே சென்றது. ஜெருசலேமை அடைவதற்கு முந்தைய கடைசி நிலையம் பத்தீர். காலையில் பறித்த காய்கறியைக் கூடைகளில் சுமந்து ரயிலேறி, ஜெருசலேம் பழைய நகரத்தில் விற்றுவிட்டு மாலையில் ஊர் திரும்பும் வழக்கம் பத்தீர் பெண்களிடையே வேரூன்றியது. வெறும் தன்னிறைவுக் கிராமமாக இருந்தது நகரச் சந்தையோடு பிணைந்த தோட்டக் கிராமமாயிற்று. நிலத்தில் ஒரு பகுதி எல்லைக்கோட்டுக்கு அப்பால் போகும் காரணமாகவும் பின்னால் அதே ரயில்பாதையே அமைந்தது.

1948: வெறுமையாகாத ஊர்

1948 ஏப்ரல் 9 அன்று ஜெருசலேமுக்கு மேற்கே தேர் யாசீன் கிராமத்தில் யூத ஆயுதக் குழுக்கள் நடத்திய படுகொலையின் செய்தி பரவியதும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் பெருந்திகில் பிடித்தது. பத்தீர் மக்களில் பெரும்பாலோரும் ஊரை விட்டு வெளியேறினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பள்ளத்தாக்கின் அண்டை ஊர்களான அல்-வலஜா, அல்-கபூ, ராஸ் அபூ அம்மார் ஆகியவற்றை இஸ்ரேலியப் படை கைப்பற்றியது. அவற்றின் மக்கள் அகதிகளானார்கள். பத்தீரோ விழாமல் நின்றது.

காரணம் ஒரு சிலர் ஊரை விட்டுப் போக மறுத்ததே. அவர்களுக்குத் தலைமை வகித்தவர் ஹசன் முஸ்தஃபா என்ற இளைஞர். ஆள் நடமாட்டம் இருப்பதாக எதிரே உள்ள படையினருக்குத் தோன்றும்படி, வெறிச்சோடிய வீடுகளில் இரவில் விளக்கேற்றினார்கள். துணிகளை வெளியே காயப்போட்டார்கள். எளிதாகப் பிடித்துவிடக்கூடிய ஊர் காவலுள்ள ஊராகத் தெரிந்தது. இந்தச் செய்தி ஊராரின் வாய்மொழி வழியாகவே நமக்கு வந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் விவரம் சற்று மாறும். ஆனால் ஊர் வெறுமையாகவில்லை என்ற அடிப்படை உண்மை எல்லாக் கூற்றிலும் ஒன்றே. பேச்சுவார்த்தை தொடங்கியபோது பத்தீரில் ஆட்கள் இருந்தார்கள். ஆகவே பத்தீரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

ரோட்ஸ் பேச்சுவார்த்தையில் இஸ்ரேலுக்கு ரயில்பாதை தேவைப்பட்டது. டெல் அவீவிலிருந்து ஜெருசலேமுக்கு அப்போது வேறு இருப்புப்பாதை இருக்கவில்லை. உடன்படிக்கையின் எட்டாம் பிரிவு, ஜெருசலேமுக்கு ரயில் ஓட்டத்தை மீண்டும் தொடங்குவதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட விஷயங்களில் ஒன்றாகவே குறிப்பிடுகிறது. ஆகவே தண்டவாளம் முழுவதும் இஸ்ரேல் பக்கம் வரும்படி கோடு நகர்த்தப்பட்டது. அப்படி நகர்த்தியபோது பத்தீரின் நிலத்தில் ஒரு பெரும்பகுதி கோட்டுக்கு அப்பால் போனது. ஆறாம் பிரிவோ, எல்லைக்கோட்டால் பாதிக்கப்படும் கிராம மக்களின் குடியிருப்பு, சொத்து, சுதந்திரம் ஆகியவை காக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. தாளில் இருந்த இந்தப் பொது வாசகம் மற்ற ஊர்களில் பெரும்பாலும் தாளோடு நின்றுவிட்டது. பத்தீரில் அது நடைமுறைக்கு வந்தது. ரயிலுக்கு எந்தச் சேதமும் விளைவிப்பதில்லை என்று ஊரார் பொறுப்பேற்றார்கள், பதிலுக்கு அப்பால் உள்ள நிலத்தைத் தொடர்ந்து உழ அவர்களுக்கு இடம் தரப்பட்டது. இஸ்ரேல் தரப்பில் பேச்சுவார்த்தையை நடத்தியவர்களில் முக்கியமானவர் மோஷே தயான். ஹசன் முஸ்தஃபா அவரோடு நேரில் பேசி இதைச் சாதித்தார் என்று ஊரார் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

1949 ஆகஸ்டில் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பத்தீரில் அது நிற்கவில்லை. பிறகு எப்போதுமே நிற்கவில்லை. நிலையக் கட்டடமும் மறைந்தது. கூடை சுமந்த பெண்களுக்கு ஜெருசலேம் சந்தைக்குப் போகும் வழி அடைபட்டது. நிலம் தப்பியது, சந்தை போய்விட்டது. பாதியை மட்டுமே மீட்ட வெற்றி இது.

ஒப்பிட்டுப் பார்க்க அல்-வலஜாவே போதும். அதே பள்ளத்தாக்கு, அதே மாதிரி ஊற்றுகள், அதே வகை அடுக்கு வயல்கள். 1948 அக்டோபரில் ஊர் விழுந்ததும் மக்கள் வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் எல்லைக்கோட்டின் கிழக்கே மிஞ்சிய நிலத்தில் புதிதாக வீடு கட்டிக்கொண்டார்கள். பழைய ஊர் எதிர்ச்சரிவில் இடிபாடாகக் கிடந்தது. நிலத்தில் பெரும்பகுதியும் அப்பாலேயே போயிற்று. இப்போது புதிய ஊரையும், மேற்குக்கரையைப் பிரித்து இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச்சுவர் சுற்றி வளைத்திருக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் மண்ணிலோ நீரிலோ வேறுபாடு இல்லை; ஒப்பந்தம் எழுதப்பட்ட நாளில் ஊரில் ஆள் இருந்தது ஒன்றுதான் வேறுபாடு.

ஹசன் முஸ்தஃபா 1961 இல் இறந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் செய்தவை நிலத்தைக் காத்ததைவிடக் குறைந்தவை அல்ல. பெண்களுக்குப் பள்ளி, சாலை, துவைக்கும் இடம் என்று ஊராரின் உழைப்பையே மூலதனமாகக் கொண்டு கட்டி எழுப்பினார். ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வர ஒரு காரணம் வேண்டும் என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார் என்றே கருத வேண்டியிருக்கிறது. 1961 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை 1,300 ஐத் தாண்டியிருந்தது. 2007 இல் ஏறத்தாழ 4,000.

1967 க்குப் பிறகு

1967 போரில், அதுவரை ஜோர்டான் வசம் இருந்த மேற்குக்கரை முழுவதும், பத்தீர் உட்பட, இஸ்ரேலிய ஆக்கிரமிப்பின் கீழ் வந்தது. கோட்டின் இரு பக்கமும் ஒரே அதிகாரத்தின் பிடியில் இருந்ததால், பத்தீர் உழவர் தண்டவாளத்தைக் கடப்பது முன்பைவிட எளிதாகக்கூட இருந்தது. ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது.

1858 ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டப்படி, ஒரு வகை நிலத்தைத் தகுந்த காரணமின்றி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடாமல் விட்டால் அது அரசுக்குத் திரும்பலாம். வரி வசூலுக்காக இயற்றிய இந்த விதியை இஸ்ரேலிய நிர்வாகம் 1980 களில் இருந்து மேற்குக்கரையில் பரவலாகப் பயன்படுத்தி, பயிரிடப்படாததாகத் தான் கருதிய நிலங்களை அரசு நிலமாக அறிவித்தது; அவற்றில் பெரும்பகுதி இஸ்ரேலியக் குடியேற்றங்களுக்கே போய்ச் சேர்ந்தது. பாறை துருத்திய மலைச்சரிவு இத்தகைய அறிவிப்புக்கு எளிதில் இரையாகும். சுவர் எழுப்பி, மண் நிரப்பி, ஒலிவம் நட்ட அடுக்கு வயலை அப்படிக் காட்டுவது கடினம். ஆகவே பத்தீரில் சரிந்த கல்லை எடுத்து வைப்பது மண்ணரிப்பைத் தடுக்கும் வேலையாக இருந்ததோடு உரிமையைக் காக்கும் வேலையாகவும் ஆயிற்று.

1995 இல் கையெழுத்தான இரண்டாம் ஓஸ்லோ உடன்படிக்கை மேற்குக்கரையை மூன்று பகுதிகளாகப் பிரித்தபோது, பத்தீர் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பெரும்பாலும் வீடுகள் உள்ள இடம், பாலஸ்தீன அதிகாரசபை சிவில் நிர்வாகம் நடத்தும் பி பகுதியில் வந்தது. எஞ்சிய முக்கால் பங்கு, அதாவது வயல்களில் பெரும்பகுதி, முழுமையான இஸ்ரேலியக் கட்டுப்பாட்டில் உள்ள சி பகுதியில் போயிற்று. அங்கே ஒரு கிணறு தோண்டவோ, ஒரு அறை கட்டவோ இஸ்ரேலிய அனுமதி வேண்டும்; அது கிடைப்பது அரிதினும் அரிது.

சுவர் வழக்கு

2000 களின் நடுவில் தடுப்புச்சுவரின் பாதை பத்தீர் வழியாகத் திட்டமிடப்பட்டது. தண்டவாளத்துக்கு இணையாக, பாசன அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு அது போகும். உழவருக்கு வாயில் வைப்போம், அனுமதிச் சீட்டு தருவோம் என்றது இராணுவம். ஆனால் எட்டு நாளுக்கு ஒருமுறை நீர்முறை வரும் உழவருக்கு, இராணுவம் குறித்த நேரத்தில் மட்டும் திறக்கும் வாயில் எந்தப் பயனையும் தராது. நள்ளிரவில் நீர் வந்தால் நள்ளிரவில்தான் மடை திறக்க வேண்டும். தவிரவும் அகழியும் கான்கிரீட்டும் கால்வாய்களையே அறுத்துவிடும்.

பத்தீர் மக்களும், இஸ்ரேலியர், பாலஸ்தீனர், ஜோர்டானியர் சேர்ந்து நடத்தும் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் இஸ்ரேலிய உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். இந்த வழக்கின் குறிப்பிடத்தக்க திருப்பம் 2012 இல் வந்தது. முதலில் சுவர்ப் பாதைக்கு உடன்பட்டிருந்த இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையம், தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டு, இந்த நிலக்காட்சிக்குச் சுவர் மீட்க முடியாத சேதம் விளைவிக்கும் என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. அரசின் ஓர் அங்கமே அரசின் பாதுகாப்புத் திட்டத்துக்கு எதிராக நின்றது. கிராம மக்களின் வாதமோ எளிமையானது, வலிமையானது: 1949 இல் ரயிலைப் பாதுகாப்போம் என்று வாக்குக் கொடுத்தோம், அதைக் காப்பாற்றியிருக்கிறோம், இனி எங்களிடமிருந்து யாரைப் பாதுகாக்கப் போகிறீர்கள்?

2015 ஜனவரியில், அந்தப் பகுதியில் இப்போதைக்குச் சுவர் கட்டுவது முன்னுரிமை அல்ல என்று அரசு கூறியதை ஏற்று நீதிமன்றம் வழக்கை முடித்துவைத்தது. பின்னாளில் கட்ட முடிவெடுத்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். சுவரைச் சட்டவிரோதம் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இதை ஊர் கொண்டாடியது நியாயமே. ஆயினும் கிடைத்தது தள்ளிவைப்பே தவிர தடையன்று என்பதையும் பதிவுசெய்ய வேண்டும்.

உலகப் பாரம்பரியப் பட்டியலில்

இதற்கு இணையாக இன்னொரு வழியிலும் முயற்சி நடந்தது. அடுக்கு வயல்களையும் பழைய வீடுகளையும் கணக்கெடுத்து, வரைபடமாக்கி, நடைபாதைகள் அமைத்து, ஊரையே திறந்தவெளி அருங்காட்சியகமாகக் கருதும் திட்டம் ஒன்று யுனெஸ்கோவின் துணையோடு உருவானது. 2011 இல் பண்பாட்டு நிலக்காட்சிப் பாதுகாப்புக்கான மெலினா மெர்கூரி விருது பத்தீருக்குக் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று பாலஸ்தீனம் யுனெஸ்கோவில் முழு உறுப்பினரானது. ஆகவே உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குத் தன் பெயரிலேயே விண்ணப்பிக்கும் உரிமையும் வந்தது.

2014 ஜூனில் தோஹாவில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, அவசர நடைமுறையின்கீழ் பத்தீரைப் பட்டியலில் சேர்த்தது; அன்றே ஆபத்தில் உள்ள பாரம்பரியப் பட்டியலிலும் இடம் தந்தது. பெத்லகேம் பிறப்புத் தேவாலயத்துக்கு அடுத்து, பாலஸ்தீனத்தின் பெயரில் சேர்ந்த இரண்டாவது இடம் இது. குழுவுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் அமைப்பு சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இதுபோன்ற அடுக்கு வயல்கள் மத்திய தரைக்கடல் நாடுகள் பலவற்றில் உண்டு என்பது அவர்களின் தயக்கம். குழு அதை மீறி முடிவெடுத்தது. கல்லை மட்டும் பார்த்தால் நிபுணர்களின் தயக்கத்துக்கு இடமுண்டு. அந்தக் கல்லோடு இன்றும் நடைமுறையில் உள்ள நீர்முறையையும், அதை நடத்தும் எட்டுக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தால், குழுவின் முடிவே சரி என்பது என் கருத்து.

பட்டியலில் சேர்ந்த பரப்பு சுமார் 349 ஹெக்டேர். அதைச் சூழ்ந்த காப்பு மண்டலம் சுமார் 624 ஹெக்டேர். பத்தீரின் பாசன அடுக்குகளோடு, கிழக்கே பைத் ஜாலா வரை ஏறும் மக்ரூர் பள்ளத்தாக்கும் இதில் அடங்கும்.

மக்ரூர்

2015 வரை எல்லோருடைய கவனமும் மேற்கே, தண்டவாளத்தின் பக்கமே இருந்தது. இன்றைய அச்சுறுத்தல் கிழக்கே, மக்ரூரில் இருக்கிறது. அங்கே பாசனம் இல்லை. மழையை நம்பிய ஒலிவமும் திராட்சையும்தான். நீர்முறை போல நாள் தவறாமல் ஆளை வயலுக்கு இழுக்கும் கட்டாயம் அங்கே கிடையாது. ஆண்டில் சில வாரங்கள் உழவு, கவாத்து, அறுவடை. நிலம் பெரும்பாலும் சி பகுதி. ஜெருசலேமையும் குஷ் எட்சியோன் குடியேற்றத் தொகுதியையும் இணைக்கும் நிலத்தொடர்ச்சி வேண்டுவோருக்கு நடுவே கிடக்கும் இடைவெளி இதுவே. அங்கே அனுமதியின்றிக் கட்டியதாகச் சொல்லி 2019 இல் ஒரு பாலஸ்தீனக் குடும்பத்தின் வீடும் உணவகமும் இடிக்கப்பட்டன.

2024 ஜூனில் ஐந்து சட்டபூர்வமற்ற குடியேற்ற முகாம்களுக்கு அங்கீகாரம் தர இஸ்ரேலிய அமைச்சரவை முடிவெடுத்தது. அவற்றில் ஒன்று ஹெலெட்ஸ். ஜூலை 19 அன்று சர்வதேச நீதிமன்றம், மேற்குக்கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் காசாவிலும் இஸ்ரேலின் தொடர்ந்த இருப்பு சட்டவிரோதம் என்றும், புதிய குடியேற்ற நடவடிக்கை அனைத்தையும் உடனே நிறுத்த வேண்டும் என்றும் ஆலோசனைக் கருத்து வழங்கியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 14 அன்று, நஹல் ஹெலெட்ஸ் என்ற அந்தக் குடியேற்றத்துக்கு நிலப்பரப்பு வரையறுக்கப்பட்டதை நிதியமைச்சர் பெசலேல் ஸ்மோட்ரிச் அறிவித்தார். ஒதுக்கப்பட்டது சுமார் 600 டூனம். அது உலகப் பாரம்பரியப் பகுதிக்குள்ளேயே விழுகிறது.

1949 இல் பத்தீருக்குப் பேரம் பேச ஒரு பிடி இருந்தது: எதிர்த்தரப்புக்கு ரயில் பாதுகாப்பாக ஓட வேண்டியிருந்தது, அந்தப் பாதுகாப்பை ஊரால் தர முடிந்தது. 2012 இல் நீதிமன்றத்தில் ஒரு பிடி இருந்தது: சுவரை எழுப்பும் தேவை அந்த இடத்தில் இல்லை என்பதை அறுபது ஆண்டு அமைதி நிரூபித்தது. மக்ரூரில் எதிர்த்தரப்புக்கு வேண்டியது நிலமே. அதற்கு ஈடாக ஊர் தரக்கூடியது ஒன்றுமில்லை. எஞ்சியிருப்பவை நில ஆவணங்கள், யுனெஸ்கோ பட்டியலின் கட்டுப்பாடு, பிறகு உழவு. முதல் இரண்டும் ஆட்சேப மனுக்களாகவும் கண்டன அறிக்கைகளாகவும் மாறக்கூடியவை, அவை அவசியமே. ஆனால் ஒட்டோமான் விதியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுக் கணக்குப் பார்ப்பவர் முன்னால், மேல்சரிவு ஒலிவத் தோட்டங்களுக்குப் பயமின்றிப் போய்வர உழவருக்கு வழி இருக்கிறதா என்பதே முதற்கேள்வி. 2023 அக்டோபருக்குப் பின் மேற்குக்கரை முழுவதும் ஒலிவ அறுவடைக்குச் செல்வோர் மறிக்கப்படுவதும் தாக்கப்படுவதும் பெருகியிருக்கும் நிலையில், பத்தீரைக் காக்க விரும்பும் எந்த அமைப்பும், எந்த அரசும், அறிக்கை வெளியிடுவதற்கு முன் அறுவடை வாரங்களில் மக்ரூருக்குத் தன் ஆட்களை அனுப்பி உழவரோடு நிற்க வைப்பதே செய்ய வேண்டிய முதல் வேலை.